இடுப்பு ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்து நடப்பவரும் நடக்கத் தயங்குபவரும்

கிருஷ்ணகிரியில் இயன்முறை மருத்துவராக வேலை செய்யும் எனக்கு, இடுப்பு ஜவ்வு விலகலுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருபவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஆபரேசன் நல்லா முடிஞ்சதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மேடம். அப்புறம் ஏன் எனக்கு மட்டும் இன்னும் இப்படி இருக்குது?" இப்படிக் கேட்பவர், தன் ஊரிலேயே அதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓரிரு மாதங்களில் வண்டி ஓட்டத் தொடங்கிவிட்ட ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் கேட்கிறார். இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று, விலகியிருந்த ஜவ்வும் ஒன்று, சில வேளைகளில் அறுத்த மருத்துவர்கூட ஒருவரே. ஆனாலும் ஒருவர் எழுந்து நடக்கிறார். மற்றவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை அறுவை அரங்குக்குள் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. அறுவைக்கு முன்பு கழிந்த மாதங்களிலும், பின்பு நோயாளி திரும்பிச் செல்லும் வீட்டிலும் தொழிலிலும், அவருக்குள் ஊறிவிட்ட அச்சத்திலும் அது இருக்கிறது.

முதலில் அந்த அறுவை சிகிச்சை எதைச் செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வு என்று நாம் சொல்லும் வட்டு, வெளியே நார் அடுக்குகளாலான உறுதியான வளையத்தையும், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த மென்மையான நடுப்பகுதியையும் கொண்டது. வளையம் நலிந்து கிழியும்போது நடுப்பகுதி வெளியே பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பு வேரை அழுத்துகிறது; அழுத்துவதோடு நில்லாமல் அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. கீழ்முதுகில் நேரும் விலகல்களில் மிகப் பெரும்பாலானவை எல்4–எல்5, எல்5–எஸ்1 என்னும் கடைசி இரண்டு இடங்களில்தான் நேர்கின்றன (எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ் என்பது அதன் கீழுள்ள திரிக எலும்பு). முதலாவது இடத்தில் விலகினால் கால் பெருவிரலை மேலே தூக்கும் வலுவும், இரண்டாவதில் விலகினால் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும் வலுவும் குறையக்கூடும். பிதுங்கிய ஜவ்வே காலில் இறங்கும் இந்த வலிக்குக் காரணம் என்பதை 1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக எழுதிய பிறகுதான் இந்த அறுவை சிகிச்சை பரவியது. அதற்கு முன்பு அந்தத் துண்டுகளைக் கட்டி என்றே பலர் கருதியிருந்தார்கள். 1977இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியின் துணையுடன் இதைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். இன்று சிறிய கீறலின் வழியாக, பிதுங்கி வந்த துண்டும் உள்ளே தளர்ந்து கிடக்கும் துணுக்குகளும் மட்டுமே அகற்றப்படுகின்றன. மீதி ஜவ்வு அங்கேயே இருக்கிறது. இதை அறியாமல், 'ஜவ்வையே எடுத்துவிட்டார்கள், இனி எலும்போடு எலும்பு உரசும்' என்று நம்பி நடுங்குபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த ஒரு செய்தியை விளக்கிச் சொல்வதே பாதிச் சிகிச்சை.

அறுவை சிகிச்சை நரம்பின் மேல் இருந்த அழுத்தத்தை நீக்குகிறது. நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது அதன் பிறகு நடக்கும் வேலை. சொட்டுநீர்க் குழாயின் மேல் விழுந்த கல்லை அன்றே எடுத்துவிட்டால் தண்ணீர் உடனே ஓடும். கல் ஒரு பருவம் முழுக்கக் கிடந்து குழாய் தட்டையாகப் படிந்துவிட்டால், கல்லை எடுத்த பிறகும் குழாய் உருண்டு எழ நாளாகும். ஆகவே மீட்சியைத் தீர்மானிப்பவற்றுள் நான் முதலில் கேட்பது காலத்தைத்தான்: கால் வலி தொடங்கி எத்தனை மாதம் கழித்து அறுவை நடந்தது? அமெரிக்காவில் பல முதுகெலும்பு மையங்கள் சேர்ந்து 2000ஆம் ஆண்டு முதல் நடத்திய பெரிய ஆய்வில், 6 மாதங்களுக்கு மேல் வலியோடு இருந்துவிட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்களின் பலன், அதற்கு முன்பே வந்தவர்களின் பலனைவிடக் குறைவாக இருந்தது. அறுவை செய்துகொண்டவர்களிடமும் செய்துகொள்ளாதவர்களிடமும் ஒரே போக்குத்தான் காணப்பட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் முதல் வாரத்திலேயே அறுவை அரங்குக்கு ஓட வேண்டாம். நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரங்களாகக் கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு விரைவாக அறுவை செய்து, மறு பிரிவை மருந்தோடும் பொறுமையோடும் கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அறுவைப் பிரிவினர் ஏறக்குறைய 4 வாரத்திலும் மற்றவர்கள் ஏறக்குறைய 12 வாரத்திலும் தேறினார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 39 விழுக்காட்டினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பிதுங்கிய துண்டுகளை உடல் தானே கரைத்துவிடுவதும் உண்டு. சில வாரங்கள் காத்திருப்பதில் தவறில்லை. வலியைச் சகித்துக்கொண்டு ஒரு மாம்பழப் பருவத்திலிருந்து அடுத்த மாம்பழப் பருவம்வரை இழுத்தடிப்பதில்தான் நரம்பு நலிகிறது. எங்கள் பகுதியில் இந்த இழுத்தடிப்புக்குக் கோழைத்தனமோ அறியாமையோ காரணமில்லை. அறுவடை முடியட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும், மகளிர் குழுக் கடன் அடையட்டும் என்று தவணை தள்ளிப்போகிறது. அந்த இடைவெளியில் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுபவரிடம் போய் வருவதும், மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் நடக்கின்றன. அந்த மாத்திரைகள் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் செய்யும் கேடு தனிக் கணக்கு.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. பாதம் தொங்கிப்போய்ச் செருப்பு கழன்று விழுவது, காலின் வலு நாளுக்கு நாள் குறைவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது அல்லது சிறுநீர் வெளியேறாமல் தேங்குவது, உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்துப்போவது ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றில் மணிக்கணக்கு முக்கியம். தாமதித்துச் செய்த அறுவைக்குப் பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையாகத் திரும்பாமலே போகலாம்.

இரண்டாவதாக நான் கேட்பது, அறுவைக்கு முன்பு எது அதிகமாக வலித்தது, காலா இடுப்பா என்று. பிட்டத்திலிருந்து தொடங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று கம்பி இழுத்தாற்போல் இறங்கும் வலிக்குத்தான் இந்த அறுவை சிகிச்சை நன்றாகக் கேட்கும். வலி பெரும்பாலும் இடுப்பிலேயே நின்றிருந்தால், துண்டை எடுத்த பிறகும் அதன் பெரும்பகுதி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் பிதுக்கம் தெரிகிறதே என்று கேட்பார்கள். எந்த வலியும் இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, 20 வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் ஜவ்வு உப்பல் இருப்பதைக் காட்டியது. படத்தில் தெரியும் இடமும், உடலில் வலிக்கும் இடமும், பரிசோதனையில் தெரியும் நரம்புக் குறையும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அறுவையின் பலன் நன்றாக இருக்கும். மூன்றும் பொருந்தாமல் படத்தை மட்டும் நம்பிச் செய்யப்பட்ட அறுவைக்குப் பிறகு என்னிடம் வருபவர்களுக்கு உதவுவது மிகவும் கடினமாக இருக்கிறது.

பிதுங்கிய துண்டின் தன்மையும் வளையத்தில் விழுந்த கிழிசலின் அளவும் நோயாளியின் கையில் இல்லாத காரணங்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் கராகீ 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. துண்டு தனியாக வெளியே வந்து, வளையத்தில் சிறு பிளவு மட்டுமே இருந்தவர்களில் 1 விழுக்காட்டினருக்குத்தான் ஜவ்வு மறுபடி பிதுங்கியது. வளையத்தில் பெரிய திறப்பு விழுந்திருந்தவர்களில் அது 27 விழுக்காடு. எனவே வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் குறிப்பில் அறுவையின்போது என்ன காணப்பட்டது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பலர் பெங்களூருவிலோ சேலத்திலோ அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிய அந்தத் தாளை யாரும் விளக்கிச் சொல்லாததால் அது மஞ்சள் பையிலேயே மடிந்து கிடக்கிறது. தையல் பிரிக்கும் நாளில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்குக் கிழிசல் பெரிதா சிறிதா, எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது' என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் எல்லோரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜவ்வுக்கென்று நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு; மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகளின் வழியாகக் கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டே அது வாழ்கிறது. பீடியும் சிகரெட்டும் அந்தச் சிறு வழியையும் சுருக்குகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது, நரம்பும் மெதுவாகவே தேறுகிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்கு மறுபடி பிதுங்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

எங்கள் மண்ணுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முதன்மையான காரணம். பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த முதியவர்கள் சிலரிடம், முதுகெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் சுண்ணாம்பு படிந்து இறுகி, தண்டுவடம் செல்லும் வழியே குறுகிப்போயிருப்பதைக் காணலாம். அவர்களுக்கு ஜவ்வுத் துண்டை அகற்றுவதால் காலில் இறங்கும் வலி குறையலாம். முதுகின் விறைப்பு அப்படியே இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், 'அறுவை தோற்றுவிட்டது' என்று அவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள்.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாக மாற்றக்கூடியதும், எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவதுமான அச்சத்துக்கு வருகிறேன். பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு எல்5–எஸ்1 ஜவ்வு விலகி அறுவை நடந்தது. அறுவை முடிந்த மறுநாளே மருத்துவமனையில் அவரை நடக்கவைத்தார்கள். கால் வலி மறைந்துவிட்டதை அவரே வியந்து சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு செய்தியோடு வந்தார்கள். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார் ஒருவர். குனிந்தால் வைத்த தையல் உள்ளே பிரிந்துவிடும் என்றார் மற்றொருவர். அந்தப் பக்கத்து ஊரில் ஒருவர் நடந்து நடந்தே மறுபடி அறுவைக்குப் போனார் என்றார் இன்னொருவர். எல்லோரும் அவர்மேல் கொண்ட அன்பினால் சொன்னவர்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் புரளக்கூட ஆள் தேடிக்கொண்டு படுத்திருந்தார். தொடைத் தசைகள் மெலிந்திருந்தன. நிற்கவைத்தால் தலை சுற்றியது.

"குனிஞ்சா மறுபடியும் பிதுங்கிடும்னு சொல்றாங்களே கண்ணு" என்றார். "சித்தப்பா, இப்ப குனிய வேண்டாம், நடங்க போதும். வாசல் வரைக்கும் போயிட்டு வந்து உக்காருங்க, நான் கூட வர்றேன்" என்றேன். சித்தியிடம், அவர் கேட்டால்கூடத் தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுக்க வேண்டாம், எழுந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல், பிறகு தெருமுனை, பிறகு தோப்பின் வேலி என்று நடை நீண்டது. பெல்ட்டை முதலில் வீட்டுக்குள் கழற்றினார், பின்பு வெளியேயும் கழற்றினார். அவர் உடலில் புதிதாக எதையும் நான் சரிசெய்யவில்லை. சரியாகிவிட்ட ஒன்றை அவர் நம்புவதற்குத் துணையாக நின்றேன்.

இது என் சித்தப்பாவின் கதை மட்டுமில்லை. ஜவ்வு அறுவைக்குப் பின் பலன் குறைந்தவர்களைப் பற்றி உலகெங்கும் வந்த ஆய்வுகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் தொகுத்தபோது, அறுவைக்கு முன்பிருந்த கடுமையான வலி, நீண்ட நாள் வேலைக்குப் போகாதிருத்தல், செய்யும் வேலையில் மனநிறைவின்மை, மனச்சோர்வு முதலிய உளத் துயரங்கள், வலிக்கு அஞ்சி அசைவையே தவிர்க்கும் போக்கு ஆகியவை குறைந்த பலனோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. உடலைப் பார்ப்பது போலவே மனத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை. தூக்கமின்றி, அழுதுகொண்டு, 'இனி நான் எதற்கும் உதவ மாட்டேன்' என்று சொல்பவருக்கு உடற்பயிற்சித் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவது போதாது. மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அசைவினால் கேடு வரும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. முன்னே சொன்ன கராகீயே 1996இல், அறுவைக்குப் பின் எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல் நோயாளிகளை இயல்பாக இருக்கவிட்டுப் பார்த்தார். சராசரியாக இரண்டு வாரத்துக்கும் குறைவான காலத்தில் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அறுவைக்குப் பிந்தைய பயிற்சிகள் குறித்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 4 முதல் 6 வாரத்தில் தொடங்கும் பயிற்சிகள் வலியையும் இயலாமையையும் விரைவாகக் குறைப்பதாகச் சொன்னது. அவற்றால் மறு அறுவை கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. இதனால் நாளைக்கே மாங்காய்க் கூடையைத் தூக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த நாடுகளின் வேலையும் நம்முடைய வேலையும் ஒன்றில்லை. முதல் நாளிலிருந்தே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். குனிந்து திருகிப் பாரம் தூக்குவதைச் சில வாரங்களுக்காவது தள்ளிப்போட வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதை அறுத்த மருத்துவர் சொல்வார். நான் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்ற பொதுவான அறிவுரை நம் வீடுகளில் 'படுத்தே இருங்கள்' என்று மாறிவிடுகிறது என்பதுதான்.

வேலையைப் பொறுத்தவரை எங்கள் பகுதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கை வைத்திருக்கிறது. ஓசூரில் மேசை வேலை பார்ப்பவர் சில வாரங்களில் திரும்பிவிடலாம். அவர் அரை மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் போதும். தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவருக்கு இலகுவான பணியிடத்தை மாற்றித் தர நிறுவனம் இசைந்தால் அவர் விரைவில் தேறுகிறார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை, விடுப்பு எடுத்தால் இடமே போய்விடும். லாரி ஓட்டுநர்களின் நிலை இன்னும் கடினம். நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும், வண்டியின் அதிர்வு இருக்கையின் வழியாக இடுப்பில் ஏறிக்கொண்டே இருப்பதும், தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும், சரக்கு இறக்குவதும் சேர்ந்த தொழில் அது. ஓட்டத்தை மட்டும் தொடங்கி, தார்ப்பாய் கட்டுவதையும் சரக்கையும் கிளீனரிடம் விடும்படி உரிமையாளரிடம் பேசிவைத்துக்கொண்ட ஓட்டுநர்கள் நன்றாக நிலைத்திருக்கிறார்கள். கிரானைட் பட்டறையிலும் குவாரியிலும் உழைப்பவர்களிடம், பழைய வேலைக்கே திரும்ப முடியுமா என்பதை அறுவைக்கு முன்பே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரும்பிப் போக வழியில்லாத வேலையை நினைத்துக்கொண்டு படுத்திருப்பவரின் வலி குறைவதே இல்லை.

பெண்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. ஆண்களுக்கு நம் வீடுகள் அளவுக்கு மிஞ்சிய ஓய்வைக் கொடுக்கின்றன. அதே அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குத் தேவையான ஓய்வைக்கூடக் கொடுப்பதில்லை. தையல் பிரிப்பதற்கு முன்பே அவள் குழாயடியில் நிற்கிறாள். முறை வைத்து வரும் தண்ணீரைக் கிடைக்கும் நேரத்துக்குள் பிடித்து வைத்தாக வேண்டும்; நிறைந்த குடம் ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது, அதைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பக்க இடுப்பில் வைக்கும்போது முதுகு குனிந்தும் வளைந்தும் திருகியும் ஒரே நேரத்தில் பாரம் தாங்குகிறது. ஜவ்வுக்கு இதைவிடக் கெட்ட அசைவு இல்லை. புளிப் பருவத்தில் தருமபுரிப் பக்கத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காலை முதல் மாலைவரை குனிந்தபடியே ஓடு நீக்கிக் கொட்டை எடுக்கிறார்கள். கூலி எடைக்குத் தகுந்தது என்பதால் இடையில் எழுவதில்லை. ராயக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்பும், பாலக்கோட்டில் தக்காளி பறிப்பும் குனிந்தே செய்யும் வேலைகள். இவர்களில் ஒருவர் வலி குறையவில்லை என்று வந்தால், உடற்பயிற்சி செய்தீர்களா என்று கேட்பதற்கு முன் வீட்டில் தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்று கேட்கிறேன். கணவரையோ மாமியாரையோ வளர்ந்த மகனையோ ஒரு முறையாவது கூட்டிவரச் சொல்லி, குடத்தைப் பாதியாக நிரப்புவது, அடுப்பை மேடைமேல் ஏற்றுவது, புளி உடைப்பதைப் பலகைமேல் உட்கார்ந்து செய்துவிட்டு அடிக்கடி எழுந்து நடப்பது, கழிப்பறையில் பிடித்து எழக் கைப்பிடி வைப்பது ஆகியவற்றை அவர்களிடமே சொல்கிறேன். மாமியார்களில் பலர் தாங்களும் அதே இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் என்பதால், எடுத்துச் சொன்னால் விரைவில் புரிந்துகொள்கிறார்கள்.

தேறும் வரிசையையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. காலில் இறங்கிய வலி பெரும்பாலும் முதலில் போகிறது. வலு அதன் பின் மெல்லத் திரும்புகிறது. மரமரப்பு கடைசியில்தான் குறைகிறது, சிலருக்குச் சிறிதளவு நிலைத்தும் விடலாம். நரம்பிழைகள் சேதமடைந்திருந்தால் அவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கின்றன; இடுப்பிலிருந்து பாதம்வரை உள்ள தொலைவை எண்ணினால், பாதத்தின் வலு திரும்ப ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்பது விளங்கும். மூன்றாவது வாரத்தில் பாதம் இன்னும் மரத்திருக்கிறதே என்று அஞ்சுபவர், வலி போய்விட்டதை அதற்குள் மறந்துவிடுகிறார். அவருக்கு இந்த வரிசை தெரிந்திருந்தால் அத்தனை கலக்கம் இருக்காது. முதல் சில வாரங்களில் காலில் அவ்வப்போது மின்னல்போல் ஓடும் வலி வந்து போவதும் பலருக்கு நேர்வதே. நன்றாக இருந்த கால், பழைய வழியிலேயே பழைய கடுமையோடு மறுபடி வலிக்கத் தொடங்கிச் சில நாட்களிலும் அடங்காவிட்டால், மறுபடி பிதுங்கியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் கடுமையாகும் தலைவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, புதிதாகக் காலில் வலுக்குறைவு, சிறுநீர்த் தடை ஆகிய எதுவாக இருந்தாலும் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

மறுபரிசோதனை என்றதும் தொலைவு நினைவுக்கு வருகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப்பகுதிகளிலிருந்து வருபவருக்கு ஒரு முறை வந்து போவதே ஒரு நாள் கூலி இழப்பு. பேருந்தில் குலுங்கி வந்து பத்து நிமிடப் பயிற்சி கற்றுக்கொண்டு திரும்புவதைவிட, வீட்டுக்கே ஒருவர் வந்து, அந்த வீட்டின் படியிலும் திண்ணையிலும் நடக்கவைத்துக் காட்டுவது பல மடங்கு பயன் தரும். அதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் அதில் அடங்கும். மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்று மட்டுமே இதை அறிந்திருப்பவர்கள் பலர். ஆகவே அறுவைக்கு நாள் குறித்தவுடனேயே உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ, கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ பெயரையும் முகவரியையும் கொடுத்து, எந்தத் தேதிக்குப் பிறகு வீட்டில் இருப்பீர்கள் என்பதையும் சொல்லி வையுங்கள். வீடு திரும்பும்போது கொடுக்கும் குறிப்பின் நகல் ஒன்றை அவரிடம் சேர்த்துவிட்டால், வருகிற இயன்முறை மருத்துவர் கிழிசலின் அளவையும் பாரம் தூக்கக் கூடாத வாரங்களையும் அறிந்துகொண்டே உங்கள் வாசலில் பயிற்சியைத் தொடங்குவார்.